பொறியின் நீளத்துக்குப் பரிசு வேண்டாம்: பினாங்கு அறிவியல் கண்காட்சி ஏற்பாட்டாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

பினாங்குத் தீவிலும் செபராங் பிறையிலும் தமிழ் மாணவர்களுக்காக அறிவியல் கண்காட்சி நடத்தும் ஏற்பாட்டாளர்களுக்கும் பொறுப்பாசிரியர்களுக்கும் நடுவர்களுக்கும் வணக்கம்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். உங்கள் கண்காட்சிகளில் இரண்டு பழக்கங்கள் மாற வேண்டும். மேசைமேல் நீலப் பொறி நீளமாகப் பறந்தால் நடுவர்கள் மயங்கிவிடுவது ஒன்று. "சுவர் பிளக் கூடாது, பேட்டரி மட்டும்" என்ற ஒற்றை வரியைப் பாதுகாப்பு விதி என்று நம்பிக்கொண்டிருப்பது மற்றொன்று. முதலாவது பிள்ளைகளை உயர் மின்னழுத்தத்தின் பக்கம் தள்ளுகிறது. இரண்டாவது, அங்கே ஒரு வேலி இருப்பதாக உங்களை நிம்மதியாகத் தூங்க வைக்கிறது. அப்படி ஒரு வேலி இல்லை.

நான் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் மின்கருவிகளைச் சோதிக்கும் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் உதிரிப்பாகம் கேட்டு வருவார்கள், கண்காட்சிகளுக்கும் போய்வருவேன். அண்மையில் ஒன்றில் நான்காம் படிவ மாணவர் ஒருவர் பொறி பறக்கும் கருவியை வைத்திருந்தார். நடுவர் கேட்ட ஒரே கேள்வி, "எத்தனை வோல்ட், தம்பி?" அவர் "இருபதாயிரம்" என்றார். கூட்டம் கைதட்டியது. அணைத்த பிறகு உள்ளே எவ்வளவு மின்னூட்டம் மிச்சம் இருக்கும் என்று ஒருவரும் கேட்கவில்லை. அந்த மாணவர்மேல் எனக்குக் குறையே இல்லை. எதற்குக் கைதட்டு விழுகிறதோ அதைத்தானே பிள்ளைகள் செய்வார்கள்?

முதலில் அந்தப் பேட்டரி விதியைப் பார்ப்போம். ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் பிலிம் கேமரா இப்போது கல்யாண வீடுகளில் மறுபடியும் தலைகாட்டுகிறது. அதில் இருப்பது ஒரே ஒரு 1.5 வோல்ட் பேட்டரி. ஆனால் பிளாஷ் விளக்குக்காக மின்னூட்டத்தைத் தேக்கி வைக்கும் மின்தேக்கி (கெப்பாசிட்டர்) ஏறத்தாழ 300 வோல்ட் வரை ஏறி நிற்கும். அதன் கொள்ளளவு 100 மைக்ரோஃபாரட் என்றால் தேங்கியிருக்கும் ஆற்றல் 4.5 ஜூல். மூடியைக் கழற்றிய கையைத் துள்ளவைத்துத் தோலைச் சுட்டுவிட அது தாராளமாகப் போதும். உங்கள் விதிப்படி அது "பாதுகாப்பான" செய்முறை. டிங்கிக் கொசுவுக்குப் பயந்து வீட்டுக்கு வீடு வைத்திருக்கும் மின்மட்டையும் அப்படித்தான். இரண்டு சிறு பேட்டரிகளில் ஓடும் அதன் வலையில் ஈராயிரம் வோல்ட் அளவுக்கு இருக்கும்.

அப்படியானால் மட்டை ஏன் நம்மைக் கொல்வதில்லை? இதற்குப் பதில் தெரிந்தவர்தான் நடுவர் நாற்காலியில் உட்கார வேண்டும். மழைத்துளி மேகத்தின் உயரத்திலிருந்து தலையில் விழுகிறது, துடைத்துக்கொண்டு போகிறோம். தேங்காய் நாற்பதடி உயரத்திலிருந்துதான் விழுகிறது. வோல்ட் என்பது உயரம் மட்டுமே. விழுவது துளியா தேங்காயா என்பதை அது சொல்லாது. நிலைமின்சாரம் உண்டாக்கும், பள்ளி ஆய்வுக்கூடத்தின் வான் டி கிராஃப் கருவியில் 20 சென்டிமீட்டர் விட்டமுள்ள கோளம் இரண்டு லட்சம் வோல்ட்டுக்கு ஏறினாலும் அதில் இருக்கும் ஆற்றல் கால் ஜூலுக்கும் குறைவு. மாணவியின் தலைமுடி சிலிர்த்து நிற்கும், எல்லோரும் சிரிப்போம். கணினியிலிருந்து கழற்றிய பழைய பவர் சப்ளையில் வெறும் 325 வோல்ட்தான். ஆனால் அதன் 220 மைக்ரோஃபாரட் மின்தேக்கியில் பதினொன்றரை ஜூலுக்கு மேல் தேங்கி நிற்கும். முன்னதற்குப் பரிசு கொடுத்துவிட்டுப் பின்னதை யாரும் கவனிக்காமல் மேசைக்கடியில் போட்டு வைக்கிறீர்கள்.

எளிய கணக்கு ஒன்று இருக்கிறது. அளவுகருவிகளின் பாதுகாப்புக்கான ஐ.இ.சி. 61010 என்னும் சர்வதேசத் தரநிலையில் இதற்கு எல்லை வகுத்திருக்கிறார்கள். நேர்மின்னோட்டத்தின் (டி.சி.) மின்னழுத்தம் 60 வோல்ட்டைத் தாண்டும் இடத்தில், தொடக்கூடிய ஒரு மின்தேக்கியின் மின்னூட்டம் 45 மைக்ரோகூலோமுக்கு மேல் போகக் கூடாது. 15,000 வோல்ட்டுக்கு மேல் போனால் மின்னூட்டத்துக்குப் பதிலாக ஆற்றலைப் பார்க்க வேண்டும். அதன் எல்லை 0.35 ஜூல். மைக்ரோஃபாரட்டையும் வோல்ட்டையும் பெருக்கினால் மைக்ரோகூலோம் வந்துவிடும். கைத்தொலைபேசியில் பெருக்கத் தெரிந்தால் போதும், பொறியியல் பட்டம் தேவையில்லை. கொசு மட்டையில் 22 நானோஃபாரட், அதாவது 0.022 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஈராயிரம் வோல்ட்டில் இருந்தால் 44 வருகிறது, எல்லைக்குச் சற்றே உள்ளே. பொறி போதவில்லை என்று ஒரு பையன் அதில் ஒரு மைக்ரோஃபாரட்டைக் கோத்துவிட்டால் அதே மட்டை, அதே பேட்டரி, எண் மட்டும் 2,000. கேமரா பிளாஷ் 30,000. அந்தக் கணினி பவர் சப்ளை எழுபதாயிரத்தைத் தாண்டுகிறது. "எத்தனை வோல்ட்?" என்று கேட்பதைவிட இந்தப் பெருக்கல் உங்களுக்கு எவ்வளவோ சொல்லும். இது தேங்கிய மின்னூட்டத்துக்கு மட்டும்தான். மின்னோட்டம் நிற்காமல் வந்துகொண்டே இருக்கும் கருவிகளை இதில் அளக்க முடியாது. அங்கே வேறொரு பூதம் இருக்கிறது.

அந்தப் பூதம் மைக்ரோவேவ் அடுப்புக்குள் குடியிருக்கிறது. இதைப் பற்றி விரிவாகவே எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பழைய மைக்ரோவேவ் அடுப்பு நம் ஊரில் கிடைக்காத பொருள் இல்லை. "சூராட் காபார் லாமா" (பழைய செய்தித்தாள்) என்று ஒலிபெருக்கியில் கூவிக்கொண்டு தாமான் தாமானாக, குடியிருப்பு குடியிருப்பாக வரும் லாரியின் பின்பக்கத்தில் கிடக்கும். லோரோங் கூலிட் பழம்பொருள் சந்தையில் பேரம் பேசினால் சில்லறை விலைக்கு வாங்கிவிடலாம். உள்ளே இருக்கும் கனமான டிரான்ஸ்ஃபார்மர் 230 வோல்ட்டை ஏறத்தாழ 2,000 வோல்ட்டாக உயர்த்துகிறது. மட்டையைப் போல் ஒரு துளியைக் கொடுத்துவிட்டு அது ஓய்ந்துவிடாது. அரை ஆம்பியர் அளவுக்கு இடைவிடாமல் கொடுக்கும். 50 ஹெர்ட்ஸ் மாறுமின்னோட்டம் 10 மில்லி ஆம்பியர் அளவில் கையில் பாய்ந்தாலே பலருக்குத் தசை இறுகிப் பிடித்ததை விட முடியாமல் போகிறது. அதைப்போல் சில மடங்கு, மார்பின் குறுக்கே ஒரு சில விநாடிகள் பாய்ந்தால் இதயத்தின் துடிப்பு ஒழுங்கு குலைந்துவிடும். இந்தக் கருவி கொடுப்பதோ 500 மில்லி ஆம்பியர். பிடிபட்டவர் கூவக்கூட நேரமிருக்காது.

பெற்றோர் இங்கே ஒரு சமாதானம் சொல்வார்கள்: "வீட்டில் ஈ.எல்.சி.பி. (மின்கசிவுத் துண்டிப்பான்) இருக்கிறதே, விழுந்துவிடுமே!" விழாது, மின்சாரத்தைத் துண்டிக்காது. இதை உங்கள் கண்காட்சி வாசலில் பெரிய எழுத்தில் ஒட்டினாலும் தகும். மெயின் பெட்டியில் இருக்கும் அந்தக் கருவி, உயிர்க்கம்பியில் போன மின்னோட்டமும் நியூட்ரலில் திரும்பும் மின்னோட்டமும் சமமா என்று மட்டுமே பார்க்கிறது. டிரான்ஸ்ஃபார்மரில் உயர் மின்னழுத்தம் வரும் இரண்டாம் கம்பிச்சுருள் தனிச் சுற்று. அதிலிருந்து கிளம்பிய மின்னோட்டம் மனிதன் வழியாகப் பாய்ந்து அதே சுற்றுக்குத் திரும்பிவிடும். மெயின் பெட்டியின் பார்வையில் எல்லாம் ஒழுங்காகத்தான் இருக்கும், யாரோ தண்ணீர் காய வைக்கிறார்கள் என்பதைப்போல. பிளக்கில் இருக்கும் 13 ஆம்பியர் பியூஸ், கம்பி தீப்பிடிக்காமல் காப்பதற்கு வைத்தது. மனித உடலில் பாயும் மின்னோட்டத்துக்கு அது அசையவே அசையாது.

பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கதை முடிவதில்லை. பக்கத்தில் இருக்கும் மின்தேக்கி ஏறத்தாழ ஒரு மைக்ரோஃபாரட், மாறுமின்னோட்டத்தின் உச்சத்தைத் தொட்டு 2,800 வோல்ட் வரை ஏறியிருக்கும். மின்னூட்டம் மெல்ல வடிவதற்காக அதற்குள்ளேயே 10 மெகாஓம் மின்தடை ஒன்றை வைத்திருப்பார்கள். அது நல்ல நிலையில் இருந்தால் ஐம்பது விநாடியில் பெரும்பாலும் வடிந்துவிடும். எரிந்துபோயிருந்தால் வெகுநேரம் அப்படியே நிற்கும். எரிந்ததா இல்லையா என்பது வெளியிலிருந்து தெரியாது. லாரியில் ஏறும் அளவுக்குப் பழுதான அடுப்பில் எந்தப் பாகம் நன்றாக இருக்கும் என்று யார் உறுதி சொல்வது? ஸ்குரூ டிரைவரால் இரண்டு முனைகளையும் குறுக்கே தொடும் "பழைய ஆட்களின் வித்தை" ஒன்று உண்டு. அதில் உலோகம் உருகித் தெறிக்கும், மின்தேக்கியும் பழுதாகும். பையன்கள் அதை வீரம் என்று நினைக்கிறார்கள்.

இந்த டிரான்ஸ்ஃபார்மரை வைத்து மரப்பலகையில் மின்னல்கிளை போன்ற கரிக்கோடு வரைவது ஒரு மோகமாகவே பரவியது. பார்க்க அழகாகத்தான் இருக்கும், மறுக்கவில்லை. அமெரிக்காவில் மட்டும் அந்த வேலையில் முப்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்திருக்கிறார்கள். அமெரிக்க மரக்கடைசல் கலைஞர் சங்கம் தன் நிகழ்ச்சிகளில் அதைச் செய்துகாட்டவே தடை விதித்திருக்கிறது. உளியும் சுழலும் இயந்திரமுமாக வாழ்கிறவர்கள் அவர்கள், எதற்கெடுத்தாலும் பயப்படும் கூட்டம் அல்ல. எனவே உங்கள் விதிப்புத்தகத்தில் ஒரு வரி சேருங்கள்: மைக்ரோவேவ் அடுப்பின் டிரான்ஸ்ஃபார்மரோ மின்தேக்கியோ உள்ள எந்தச் செய்முறையும், எந்த வயதிலும், யார் மேற்பார்வையிலும் ஏற்கப்படாது. "ஆசிரியர் பக்கத்தில் நின்றால் பரவாயில்லை" என்ற விதிவிலக்கும் வேண்டாம். ஆசிரியர் பக்கத்தில் நின்றால் ஒருவருக்குப் பதில் இருவர் விழுவார்கள்.

பிள்ளைகள் இதையெல்லாம் எங்கிருந்து கற்கிறார்கள் என்பது உங்களுக்கும் தெரியும். அமெரிக்கக் காணொளியும் தமிழ்நாட்டுக் காணொளியும்தான் அவர்களுடைய குருமார்கள். குரு நல்லவராகவே இருக்கலாம், ஆனால் அவர் நம் வீட்டு மின்சாரத்தைப் பற்றிப் பேசவில்லை. அங்கே 120 வோல்ட், இங்கே 230. கம்பி நிறத்தில் இன்னும் பெரிய குழி இருக்கிறது. அமெரிக்க வீட்டுக் கம்பியில் கறுப்பு உயிர்க்கம்பி, வெள்ளை நியூட்ரல். நம் சுவருக்குள் ஓடும் கம்பியில் சிவப்பு உயிர்க்கம்பி, கறுப்பு நியூட்ரல். காணொளியைப் பார்த்துக் கறுப்பில் சுவிட்சையும் பியூஸையும் போடுகிற பையன், சுவிட்சை அணைத்ததும் கருவி செத்துவிட்டது என்று நினைப்பான். விளக்கு அணைந்திருக்கும், உள்ளே முழு 230 வோல்ட்டும் உயிரோடு நிற்கும். நீலம் அதைவிட மோசம். கருவியின் வளையும் கம்பியில் நீலம் நியூட்ரல். மூன்று கட்ட (த்ரீ ஃபேஸ்) மின்சாரம் வரும் வீட்டுச் சுவருக்குள் அதே நீலம் உயிர்க்கம்பியாகவும் இருக்கலாம். நிறத்தை நம்பாதே, அளந்து பார் என்று சொல்லிக்கொடுக்க ஒரு வயர்மேனை அழைத்து ஒரு மணி நேரம் பேசச் சொன்னாலே பாதி விபத்துக்கு வழியடைபடும். எரிசக்தி ஆணையத்தின் தகுதிச் சான்றிதழ் பெற்ற வயர்மேன்கள் நம்மவர்களிலேயே எத்தனை பேர் இருக்கிறார்கள்! கண்காட்சி மேடையில் ஏற்றிப் பொன்னாடை போர்த்தப் பிரமுகர்களைத் தேடும் நீங்கள் அவர்களைத் தேடியதுண்டா?

தமிழ்நாட்டுக் காணொளிகளிலும் 230 வோல்ட்தான். ஆனால் பிளக் வேறு, பல கருவிகளுக்கு இரண்டு முனை மட்டுமே. இங்கே நாம் என்ன செய்கிறோம்? மூன்று துளைச் சாக்கெட்டின் மேல்துளையில் பேனா மூடியைக் குத்தி, மற்ற துளைகளை மறைக்கும் சிறு கதவைத் திறந்து, இரண்டு முனைப் பிளக்கைத் திணிக்கிறோம். அம்மா செய்கிறார், அப்பா செய்கிறார், பள்ளி அலுவலகத்தில்கூடச் செய்கிறார்கள். பையன் தன் சொந்தக் கருவியின் உலோகப் பெட்டியையும் அப்படியே செருகும்போது எர்த் கம்பி என்ற ஒன்றே அங்கே இல்லாமல் போகிறது.

இன்னொன்றையும் எந்தக் காணொளியும் சொல்லாது. நாம் செருப்பை வாசலிலேயே கழற்றிவிடும் மக்கள். வெறுங்காலோடு, அஞ்சடியின் (வாசலை ஒட்டிய நடைபாதையின்) சிமெண்டுத் தரையிலோ மொசைக் தரையிலோ குந்தி உட்கார்ந்து, மழை விட்ட பின்னான புழுக்கத்தில் வியர்வை வழிய வேலை செய்கிறோம். காய்ந்த தோல் கொடுக்கும் தடை நனைந்த தோலில் இருக்காது. குளிர்நாட்டில் ரப்பர் அடிச் சப்பாத்தோடு மரத்தரையில் நின்று ஒருவர் தப்பித்த தவறில் நம் பிள்ளை தப்பிக்க மாட்டான். அதுவும் பெரும்பாலும் இரவில், வீட்டார் தூங்கிய பிறகு, தனியாக.

"இப்படியெல்லாம் பயமுறுத்தினால் பிள்ளைகளுக்கு ஆர்வம் போய்விடும்" என்று ஒரு பொறுப்பாசிரியர் என்னிடம் வருத்தப்பட்டார். அவருடைய கவலையை மதிக்கிறேன், ஆனால் ஏற்கவில்லை. 1972இல் தடையற்ற தொழில் வட்டாரம் திறந்த நாள் தொட்டு பாயான் லெப்பாஸ் எத்தனையோ தமிழ்க் குடும்பங்களுக்குச் சோறு போட்டிருக்கிறது. அங்கே நாங்கள் 1,500 வோல்ட்டில் கருவிகளைச் சோதித்தோம். மூடியைத் திறந்தால் மின்சாரம் தானே நிற்கும். சில மில்லி ஆம்பியர் மீறினால் சோதனைக் கருவி தானே துண்டித்துக்கொள்ளும். தனியாக யாரும் அந்த மேசையில் உட்கார அனுமதி கிடையாது. இத்தனை கட்டுப்பாட்டுக்கு நடுவில் எங்களில் யாருக்கும் ஆர்வம் போகவில்லை. சம்பளம் வாங்கும் பெரியவருக்கு இத்தனை காவல் என்றால் படிவம் நான்கு படிக்கும் பிள்ளைக்குக் கைதட்டு மட்டுமா?

ஆர்வத்துக்குத் தீனி வேண்டும் என்றால் தருகிறேன். 1,000 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஒன்று, 10 கிலோஓம் மின்தடை ஒன்று, 12 வோல்ட் பேட்டரி, ஒரு மல்டிமீட்டர். மீட்டர் நீங்கலாகச் சில ரிங்கிட்டில் முடிந்துவிடும். மின்தேக்கியை ஏற்றிவிட்டு மின்தடை வழியாக வடியவிட்டால், பத்து விநாடியில் மீட்டர் 4.4 வோல்ட்டுக்கு இறங்கும். ஐம்பது விநாடியில் கிட்டத்தட்ட சுழி. மைக்ரோவேவ் அடுப்பின் ஒரு மைக்ரோஃபாரட்டும் 10 மெகாஓமும் சேர்ந்து கொடுக்கும் நேரமும் அச்சு அசலாக இதேதான். மின்தடையைப் பிடுங்கிவிட்டு மறுபடி பாருங்கள், எண் மெல்லத்தான் அசையும். எரிந்துபோன மின்தடை என்றால் என்ன என்று அப்போது பிள்ளைக்கே புரியும். பிறகு முனைகளைச் சற்று நேரம் இணைத்து வைத்துவிட்டுக் கையை எடுக்கச் சொல்லுங்கள். சுழியில் இருந்த மீட்டரில் மின்னழுத்தம் கொஞ்சம் கொஞ்சமாகத் தலைதூக்கும். மின்தேக்கியின் உட்பொருள் உறிஞ்சி வைத்திருந்த மின்னூட்டம் திரும்பி வருகிறது. 12 வோல்ட்டில் இது வேடிக்கை. ஆயிரக்கணக்கான வோல்ட்டில் இதற்காகத்தான் வேலை முடியும்வரை முனைகளை இணைத்தே வைக்கிறார்கள். கொல்லும் கருவியின் குணம் முழுவதையும் கொல்லாத மேசையில் காட்டிவிடலாம். இதைச் செய்துகாட்டி, வரைபடம் போட்டு, தமிழில் விளக்கும் மாணவிக்கு முதல் பரிசு கொடுங்கள். மண்டபம் கைதட்டுகிறதா இல்லையா என்று பார்ப்போம்.

பொறி இருந்தே ஆக வேண்டுமென்றால் வான் டி கிராஃப் இருக்கிறது. அதனோடு லெய்டன் சாடியையோ வேறு மின்தேக்கியையோ கோக்க விடாதீர்கள், இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்களைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள், அவ்வளவுதான். பள்ளி முடித்தபின் உயர் மின்னழுத்தத்தை ஆழமாகக் கற்க விரும்புகிறவர்கள் தொழில் தெரிந்தவரின் பக்கத்தில் உட்கார்ந்து கற்கட்டும். அதற்கு முன், 600 வோல்ட் என்று எழுதிய மலிவு மல்டிமீட்டரால் 2,000 வோல்ட்டை அளக்கப் போனால் மீட்டரே கையில் வெடிக்கலாம் என்பதையாவது தெரிந்துகொண்டு வரட்டும்.

விண்ணப்பப் படிவத்தில் நான் கேட்பது அதிகமில்லை. 60 வோல்ட்டைத் தாண்டும் ஒவ்வொரு செய்முறைக்கும் அந்தப் பெருக்கல் கணக்கை மாணவரே எழுத வேண்டும். அணைத்தபின் எத்தனை விநாடியில் வடியும், வடிந்ததை எதைக்கொண்டு அறிகிறார் என்பதையும் அவரே எழுத வேண்டும். எழுத முடியாதவருடைய கருவி மேசைக்கு வரக் கூடாது. மதிப்பெண்ணில் ஒரு பகுதியை இந்த விடைகளுக்கே ஒதுக்குங்கள். அப்போது பிள்ளைகள் பொறியை நீட்டுவதை விட்டுவிட்டு மின்தடையைக் கணக்கிட ஆரம்பிப்பார்கள்.

மண்டபத்தின் மெயின் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று காலையிலேயே எல்லாத் தொண்டர்களுக்கும் காட்டுங்கள். யாராவது பிடிபட்டால் ஓடிப்போய்க் கையைப் பிடித்து இழுப்பதுதான் நம் இயல்பு. அதைத்தான் செய்யக் கூடாது. முதலில் மின்சாரத்தை அணைக்க வேண்டும், ஒருவர் 999ஐ அழைக்க வேண்டும், மூச்சு இல்லையென்றால் இன்னொருவர் மார்பை அழுத்தத் தொடங்க வேண்டும். இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுத்து மீட்கும் ஏ.இ.டி. கருவி அருகில் இருந்தால் எடுத்து வரவேண்டும். எழுந்து உட்கார்ந்து "ஒன்றுமில்லை, அங்கிள்" என்று சிரித்தாலும் மருத்துவமனைக்கு அனுப்புங்கள். உள்ளே பட்ட தீக்காயமும் இதயத்தின் தடுமாற்றமும் முகத்தில் தெரியாது.

அடுத்த கண்காட்சிக்கான படிவம் அச்சுக்குப் போகும் முன் என்னையும் ஒரு கூட்டத்துக்கு அழையுங்கள். உயர் மின்னழுத்தம் அளக்கும் புரோப் என்னிடம் இருக்கிறது. மேசைகளைச் சரிபார்க்க வருகிறேன், கட்டணம் ஒன்றும் வேண்டாம். ஒரு வேண்டுகோள் மட்டும்: முதல் நாள் மாலை மேசை போடும்போதே கூப்பிடுங்கள். மறுநாள் காலை பாட்டி தாத்தாவரைக்கும் குடும்பமே புதுச்சட்டையோடு வந்து நிற்கும்போது ஒரு பிள்ளையின் செய்முறையைத் தள்ளிவைக்கச் சொல்ல எனக்கு வாய் வராது, உங்களுக்கும் வராது.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற மின்னணுச் சோதனைத் தொழில்நுட்பர்,
புக்கிட் மெர்தாஜாம், பினாங்கு